ஆட்டுக்குக் கீரை, வீட்டுக்குக் கிழங்கு

தை, மாசியில் சில நாள் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் பக்கத்துக் கடைகளில் பீட்ரூட் கீரையோடு வந்து இறங்கும். மற்ற நாட்களில் நமக்குக் கிடைப்பது நீலகிரியிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ லாரியேறி வந்த மொட்டைக் கிழங்கு. கீரையோடு வந்த அன்று கடைக்காரத் தம்பி தராசில் வைக்கும் முன் ஒரு திருகு திருகுவார். கீரை தனியாகக் கூடையில் விழும். "இருக்கட்டும் தம்பி, அதையும் சேர்த்துப் போடு" என்றால் ஏற இறங்கப் பார்ப்பார்.

"இது ஆட்டுக்குப் போடுறதுக்கா. நீங்க எடுத்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க?"

கொடுத்துவைத்தது ஆடுதான். 100 கிராம் பீட்ரூட் கிழங்கில் இரும்புச்சத்து 0.8 மில்லிகிராம்; அதே எடைக் கீரையில் இரண்டரை மில்லிகிராம். சுண்ணாம்புச்சத்து கிழங்கில் 16 மில்லிகிராம், கீரையில் 117. வைட்டமின் சி கிழங்கில் 5, கீரையில் 30. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ கிழங்கில் பெயருக்குத்தான் உண்டு, கீரையில் தாராளம். பாலக் என்று கட்டு கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோமே, அது பீட்ரூட்டின் கூடப்பிறந்தது. தாவரவியலார் இரண்டையும் பீட்டா வல்காரிஸ் என்ற ஒரே இனத்தில்தான் சேர்த்து எழுதுகிறார்கள். வேர் பருக்கும் செடியைத் தேடித்தேடி விதை எடுத்தவர்களிடம் அது பீட்ரூட் ஆனது. இலைக்காக எடுத்தவர்களிடம் பாலக் ஆனது. தண்டுக்கீரையும் சிறுகீரையும் இதே குடும்பத்துப் பங்காளிகள். ஆகவே கீரையோடு கிடைக்கும் நாளில் கீரையோடு வாங்குங்கள். அந்தக் கீரைக்குக் கடைக்காரர் பெரும்பாலும் காசும் கேட்கமாட்டார்.

திதிக்குச் சமைக்கும் பெரியவர்கள் இன்றும் பீட்ரூட்டை அடுப்படிக்குள் விடுவதில்லை. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸோடு சேர்ந்து அதுவும் 'இங்கிலீஷ் காய்'. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி இது; பிரெஞ்சு கவர்னரே வந்து வில்லியனூர்த் தேர்வடம் பிடித்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அப்படிப்பட்ட ஊரிலும் இதற்குப் 'பிரெஞ்சுக் காய்' என்று பேர் வரவில்லை. 1820களில் சல்லிவன் ஊட்டியில் சீமைக் காய்களைப் பயிர் செய்யத் தொடங்கினார். மலையிலிருந்து காய் இறங்கியபோது பேரும் கூடவே இறங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். செங்கிழங்கு, அக்காரக்கிழங்கு என்று தமிழில் பெயர் சூட்டிப் பார்த்தவர்கள் உண்டு. கடையில் அப்படிக் கேட்டால் சர்க்கரைவள்ளியை எடுத்து நீட்டுவார்கள். ஆனால் அக்காரம் என்றால் சர்க்கரை. அந்தப் பெயரில் பிழையில்லை. 1747இல் பெர்லினில் மார்கிராஃப் என்ற வேதியியலார் இந்த இனத்துக் கிழங்கில் இருப்பது கரும்புச் சர்க்கரையேதான் என்று காட்டினார். ஆங்கிலேயரோடு நடந்த சண்டையில் கடல்வழிச் சர்க்கரை வரத்து நின்றுபோக, நெப்போலியன் அந்தக் கிழங்கைப் பிரான்ஸ் முழுக்கப் பயிரிடச் சொன்னார். சர்க்கரைக்கென்று வளர்க்கும் அந்த வெள்ளைக் கிழங்கில் 100 கிராமுக்கு 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நம் கடைச் சிவப்புக் கிழங்கில் 7 கிராம்தான்.

ரத்தம் ஊறுமா?

"பிள்ளை வெளுத்துப்போய் இருக்கு, பீட்ரூட் ஜூஸ் போட்டுக் கொடு" என்று சொல்லாத பாட்டி இந்தக் கொம்யூனில் இல்லை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற கணக்கு. ரத்தத்தின் சிவப்பில் இரும்பு உண்டு. பீட்ரூட்டின் சிவப்பு பெட்டலைன் என்ற வேறு சாயம். அதில் இரும்பு துளியும் கிடையாது. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரை. அதை பீட்ரூட்டிலிருந்து மட்டுமே எடுப்பதென்றால் தினம் மூன்றரைக் கிலோ தின்ன வேண்டும். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு வேளைக் கம்பங்கூழ் எத்தனையோ டம்ளர் ஜூஸுக்குச் சமம். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. மாத்திரையை ஜன்னல் வழியே வீசிவிட்டு வந்து வீட்டில் ஜூஸ் குடிக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பாட்டியை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். புது ரத்த அணுக்கள் பிரிந்து பெருக ஃபோலேட் வேண்டும். 100 கிராம் கிழங்கில் அது சுமார் 100 மைக்ரோகிராம் இருக்கிறது. காய்களில் அது நல்ல அளவு. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடிக்கொள்வதும் ஃபோலேட்டை நம்பித்தான். ஒரே சிக்கல், இது தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். பீட்ரூட்டைத் துண்டு போட்டு நிறையத் தண்ணீரில் வேகவைத்து, சிவந்த தண்ணீரைத் தொட்டியில் சாய்க்கும் வீட்டில் சத்தில் பெரும் பங்கு சாக்கடைக்குப் போகிறது. பொட்டாசியமும் அந்தத் தண்ணீரோடுதான் போகும்.

ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்பதில் மட்டும் கொஞ்சம் ஆராய்ச்சி பலம் உண்டு. பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய. நாக்கின் பின்பக்கம் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். உடம்புக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்தும். 2008இல் லண்டனில் ஆரோக்கியமானவர்களுக்கு அரை லிட்டர் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் மேல் அளவு 10 புள்ளி வரை இறங்கியது. 2015இல் ரத்த அழுத்தம் உள்ளவர்களே தினம் 250 மில்லி வீதம் நான்கு வாரம் குடித்தபோது 8 புள்ளி அளவுக்கு இறங்கியது. நிறுத்தியதும் பழைய இடத்துக்கே போய்விட்டது. கிருமிநாசினி மவுத்வாஷால் வாய் கொப்பளித்தால் நாக்குப் பாக்டீரியா செத்து இந்தப் பலனும் போய்விடும். சாறு குடிப்பதால் ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாத்திரையோடு சேர்த்து அளவுக்கு மேல் ஜூஸ் குடித்துத் தலைசுற்றி உட்கார்ந்தவர்களும் உண்டு.

மண்வாசனை

பீட்ரூட் பிடிக்காது என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "மண்ணு நாத்தம்" என்பார்கள். அவர்கள் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. கோடையில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. வாசலில் நின்று முகரும்போது சுகமாக இருப்பது தட்டில் வந்தால் நமக்கு ஒத்துக்கொள்வதில்லை. புளிப்பு பட்டால் ஜியோஸ்மின் சிதையும். உக்ரைனியர் தங்கள் பீட்ரூட் சூப்பான போர்ஷ்ட்டைப் புளிக்க வைப்பதும், பிரெஞ்சுக்காரர்கள் வினிகர் ஊற்றுவதும், நாம் தயிரில் போடுவதும் ஒரே காரியம்தான். எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்த வீட்டு ஆயா வேகவைத்த பீட்ரூட்டை வட்ட வட்டமாக அரிந்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், உப்பு, மிளகு, வினிகர், எண்ணெய் ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைப்பார். பீட்ரூட்டே தொடாத என் தம்பி அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான். புளிப்பு சேராத பீட்ரூட்டை இப்போதும் நான் சமைப்பதில்லை.

நிறத்துக்கும் புளிப்புதான் காவல். வெற்றிலைச் சுண்ணாம்பில் ஒரு துளியை விரலில் எடுத்து, பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் அரைக் கிண்ணத்தில் கரைத்துப் பாருங்கள். செந்நிறம் மங்கி, பழுப்பாகி, கண்ணெதிரே மஞ்சளுக்குப் போகும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்குகிறோம் இல்லையா, இது அதற்கு நேர் எதிர். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடா போடுகிறவர்களுக்குப் பீட்ரூட் சாணி நிறத்தில் வந்து சேரும் ரகசியம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை: புளியை முதலிலேயே போட்டால் காய் வேக அடம் பிடிக்கும். வெந்த பிறகு சேர்த்தால் போதும்.

வாங்குவதும் வேகவைப்பதும்

ஆரஞ்சுப் பழ அளவுக்கு மேல் பெரியதை எடுக்காதீர்கள். உள்ளே நார் ஓடியிருக்கும். அழுத்தினால் கல் மாதிரி இருக்க வேண்டும். எலிவால் மாதிரித் தொங்கும் நுனிவேர் அறுபடாமல் இருந்தால் நல்லது. வெட்டியதும் உள்ளே வெள்ளையும் சிவப்புமாக வளையம் வளையமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். வெயில் காலத்தில் விளைந்த கிழங்கு அப்படித்தான் இருக்கும். ருசி கொஞ்சம் மட்டம், கெடுதல் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கீரையை அறுப்பது. விட்டால் இரண்டே நாளில் கிழங்கின் ஈரத்தைக் கீரை உறிஞ்சிக் கிழங்கு வதங்கிவிடும். அறுக்கும்போது இரண்டு விரற்கடை தண்டை விட்டு அறுங்கள். ஒட்ட அறுத்தால் வேகும்போது சாயம் ஒழுகும். ஃபிரிட்ஜில் துணிப்பையில் இரண்டு வாரம் தாங்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பானையில் ஈர மணல் பரப்பிப் புதைத்து வைக்கலாம்.

தோலோடு முழுசாக வேகவைப்பதுதான் என் கட்சி. அரைக் கிலோவை மண் போகத் தேய்த்துக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரோடு குக்கரில் வைத்து நான்கு விசில் விடுங்கள். பெரிய கிழங்கானால் இன்னும் ஒன்று. ஆறியதும் பச்சைத் தண்ணீரில் காட்டிப் பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் தோல் சட்டை கழற்றுவதுபோல வந்துவிடும். அடியில் தங்கும் தண்ணீரை ரசத்தில் விடுங்கள், அல்லது சப்பாத்தி மாவு பிசையுங்கள். அந்த ரசத்தைப் பார்த்தால் விருந்தாளி ஒரு கணம் திகைப்பார். ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள்.

பொரியலுக்கு மட்டும் பச்சையாகத் துருவிக்கொள்ளலாம். சட்டியில் எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம். துருவலைப் போட்டு உப்பிட்டு மூடிவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டாம். கிழங்கில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர், அது தானே விட்டு வேகும். சிறு தீயில் எட்டு நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சை பிழிந்து, வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடி இரண்டு கரண்டி தூவுங்கள். தேங்காய்த் துருவல் போடுபவர்கள் போடட்டும். இனிப்புக்கு மேல் இனிப்பு எனக்குச் சரிப்படவில்லை. மல்லாட்டையின் கசப்போடு சேர்ந்த எண்ணெய்ப் பசைதான் இந்தக் காய்க்குத் தோது.

பச்சடிக்கு வெந்த கிழங்கைத் துருவி, பச்சை மிளகாயும் இஞ்சியும் அரைத்துச் சேர்த்து, புளித்த தயிரில் கலந்து தாளித்தால் முடிந்தது. யாழ்ப்பாணத்துச் சிநேகிதி ஒருத்தி கற்றுக் கொடுத்த பால்கறியும் உண்டு. குச்சி குச்சியாக நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சளோடு இரண்டாம் பாலில் வேகவிட்டு, இறக்கும்போது முதல் பாலும் தேசிக்காய்ப் புளியும் விட வேண்டும். சோற்றில் பிசைந்தால் இலை முழுக்க ரோஜா நிறம். பிள்ளைகள் அந்த நிறத்துக்காகவே சாப்பிடுவார்கள்.

இனிக் கீரை. தண்டையும் இலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். தண்டைத் தண்டுக்கீரை மாதிரி விரல்கணு நீளத்துக்கு நறுக்கி முதலில் போட வேண்டும். அது பாதி வெந்த பிறகுதான் இலை. இலை மூன்று நிமிடத்தில் வதங்கிவிடும். துவரம்பருப்போடு கடைந்து கொஞ்சம் புளி விட்டால் சைவக்காரர்களுக்கு. எங்கள் வீட்டில் ஒரு பிடி சென்னாகூனியை வெறும் சட்டியில் வறுத்து, தூசு புடைத்து, பூண்டோடு சேர்த்துக் கீரையில் கிளறுவோம். சென்னாகூனியிலேயே உப்பு இருக்கும்; கீரைக்கும் இயற்கையிலேயே ஓர் உப்புச் சுவை உண்டு. உப்பைக் கடைசியில், ருசி பார்த்துப் போடுங்கள். முதல் தடவை நான் வழக்கமான அளவு போட்டுச் சட்டியோடு கொட்டினேன்.

ஜூஸ் பற்றி இரண்டு வார்த்தை. நான்கு கிழங்கைப் பிழிந்து ஒரே மூச்சில் குடித்தால் நான்கு கிழங்கின் சர்க்கரையும் வயிற்றுக்குள் போகும். நார் சக்கையாக வடிகட்டியிலேயே நின்றுவிடும். சர்க்கரை நோய்க்காரர்கள் பொரியலாக ஒரு கரண்டி சாப்பிடுவதில் பெரிய தவறில்லை. ஜூஸை விட்டுவிடுவது மேல்.

யார் அளவோடு நிறுத்த வேண்டும்

சிறுநீரகக் கல் வந்தவர்கள் முதலில். கிழங்கிலும், அதைவிடக் கீரையிலும், ஆக்சலேட் நிறைய உண்டு. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்தான். கீரையைக் கொதிநீரில் போட்டு எடுத்துச் சமைத்தால் ஒரு பங்கு போகும் (தண்ணீரைக் கொட்டாதே என்று மேலே சொன்னதற்கு விலக்கு இவர்கள்தான்). சிறுநீரகம் பழுதாகி மருத்துவர் பொட்டாசியம் குறைக்கச் சொன்னவர்கள் கேட்காமல் தொட வேண்டாம். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குப் பீட்ரூட் மசியல் கூடவே கூடாது. பச்சிளங்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதை நைட்ரேட் கெடுத்துவிடும். பெரிய குழந்தைக்கும் அப்போதைக்கப்போது மசித்துக் கொடுங்கள். நம் ஊர் வெக்கையில் காலையில் மசித்துச் சாயங்காலம் வரை வெளியில் வைத்தால் அதிலுள்ள நைட்ரேட் நைட்ரைட்டாக மாறத் தொடங்கும்.

சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து போவது வேறு சங்கதி. நூற்றில் பத்துப் பதினான்கு பேருக்கு அப்படி ஆகும், கெடுதல் இல்லை. என் மாமனாருக்கு ஒருமுறை ஆனது. விடியற்காலை ஐந்து மணிக்கு அனைவரையும் எழுப்பி, ஆட்டோ பிடித்து, ஆஸ்பத்திரி வாசல் வரை போய்விட்டோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க பெரியவரே?" அத்தை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். பீட்ரூட் சாப்பிடாமலே சிவந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள்.

கொல்லையில் நாலு செடி

கீரை வேண்டுமென்றால் நிச்சயமான வழி சொந்தமாக வளர்ப்பதுதான். வடகிழக்கு மழை ஓய்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் அல்லது மார்கழியில் விதைத்தால் அறுபது எழுபது நாளில், மாசியில், கிழங்கு கைக்கு வரும். ஐப்பசி மழையில் விதைத்தால் அழுகும். சித்திரை வெயிலில் விதைத்தால் கிழங்கு வெளுக்கும். விதை வாங்கித்தான் ஆக வேண்டும். இந்தச் செடி குளிர் பட்டால்தான் பூத்து விதை கொடுக்கும். அதற்கு ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இடம் வேண்டும்.

விதையை ஓர் இரவு ஊறவையுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சொரசொரப்பான சிறு உருண்டையாக இருக்கும். அது ஒரு விதை இல்லை, பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒன்று ஊன்றினால் மூன்று நான்கு முளைக்கும். நல்ல முளைப்பு என்று மகிழ்ந்து அப்படியே விட்டால் கீரை மட்டுமே தேறும், கிழங்கு பருக்காது. நான்கு இலை வந்ததும் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளி எடுங்கள். கிள்ளியது அன்றைய கூட்டுக்கு. செடிக்குச் செடி ஒரு சாண் வேண்டாம், அரைச் சாண் போதும். பாத்தியை மேடாக்கித் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். பச்சைச் சாணம் போடாதீர்கள். கிழங்கு கிளை விட்டுக் கோணும். மக்கியது போதும்.

பாகூர்ப் பக்கம் கடலோரத்தில் போர்வெல் தண்ணீர் உப்பாகிப்போனவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பீட்ரூட்டின் காட்டு முன்னோர் ஐரோப்பாவின் கடற்கரைகளில் முளைக்கும் செடி; உப்பை மற்றக் காய்களைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் முளைவிடும் பருவத்தில் மட்டும் தாங்காது. முதல் மூன்று வாரம் நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு பிழைத்துக்கொள்ளும். கிழங்குக்குள் கறுப்புப் புள்ளி விழுந்தால் பெரும்பாலும் போரான் குறை. கண்ணை மூடிக்கொண்டு போராக்ஸ் தூவாமல், குரும்பாப்பட்டில் இருக்கும் காமராஜர் கிருஷி விக்யான் கேந்திராவில் மண்ணைக் காட்டிக் கேளுங்கள்; போரான் கூடினாலும் செடி கருகும்.

கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே தெரிய ஆரம்பித்ததும் பெரியதாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். அதுவரை ஒரு செடிக்கு இரண்டு வெளியிலை வீதம் கீரைக்கு ஒடித்துக்கொள்ளலாம், கிழங்கு கோபித்துக்கொள்ளாது. பங்குனி பிறந்தும் மண்ணிலேயே விட்டது விறகாகிவிடும். அதை ஆட்டுக்குப் போடுங்கள்.